சந்தனம் அப்புன நம்பர்

காட்டிக்குடுக்கிறவள்னு சொல்லாதீங்க அண்ணாச்சி. அந்த வார்த்தைய மொதல்ல வாபஸ் வாங்குங்க. கழுத்துல இந்த அட்டையப் பாத்ததும் எல்லாருக்கும் வாய் வந்துருது. நான் மனு எழுதிக்க வந்திருக்கேன், பட்டம் வாங்கிட்டுப் போக வரல. கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மேசை போட்டு உக்காந்துட்டா வாறவங்க போறவங்களுக்கெல்லாம் தீர்ப்பு சொல்லிரலாமோ? எழுதுததுதான உங்க வேலை? நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க.

ஆமா, நான் சாலைத் தோழர்தான். மறைக்கலியே. மறைக்கணும்னா அட்டையக் கழட்டிப் பையில போட்டிருப்பேன். பேரு செண்பகவல்லி, பி.எஸ்சி மூணாம் வருஷம், அட்டை எண் நானூத்திப் பதினேழு. முக்குல ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கிட்டு வாறவன் போறவனப் படம் எடுத்த கூட்டத்துல நானும் ஒருத்தி. போதுமா?

என்னது? போலீஸ்காரனே பரவால்லியா?

அண்ணாச்சி, நல்லா வருது என் வாயில. ஆஸ்பத்திரி முக்குல ஒரு ஏட்டு நிப்பாரே, ஞாபகம் இருக்கா? நிழல்லதான் நிப்பாரு. சூரியன் நகந்தா அவரும் நகருவாரு. எங்கப்பா மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏத்திட்டுப் போறவரு. வாரத்துக்கு ரெண்டு தடவ வண்டிய நிறுத்துவாரு அந்த ஏட்டு. காசுகூடக் கேக்க மாட்டாரு. தார்ல இருந்து ஒரு சீப்ப அவரே பிச்சுக்கிடுவாரு. எங்கப்பா சிரிப்பாரு. பழம் போனதக்கூட விடுங்க, அந்தச் சிரிப்பு இருக்கு பாத்தீங்களா, அதத்தான் என்னால தாங்க முடியாது. சின்னப் புள்ளையில வண்டி முன்னாடி உக்காந்து அதப் பாத்துக்கிட்டே வளந்தவ நான்.

அதனால முக்குல இனிமே போலீஸ் இல்ல, கம்பத்துல கேமரா, கீழ பொதுஜனம், நீங்களே கண்ணு, நீங்களே சட்டம்னு அறிவிச்சாங்க பாருங்க, அன்னைக்கு நான் வெடி வெடிக்காததுதான் பாக்கி. எங்க காலேஜ்ல மொதல்ல பேரு குடுத்தது நான். கேமரா சீப்பு பிய்க்காதுல்ல? மிஷினப் பாத்து எங்கப்பா சிரிக்க வேண்டாம்ல? இதுல என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க. இல்ல, நீங்க சொல்ல வேண்டாம், நீங்க எழுதுங்க.

என்ன எழுதணுமா? மேல 'ஐயா'ன்னு போடுங்க. பொருள்னு ஒரு வரி வருமே, அதுல 'தப்பான நம்பரால் லைசென்ஸ் பறிபோனது தொடர்பாக'ன்னு போடுங்க.

என் லைசென்ஸ் இல்ல. அவரு லைசென்ஸ். அதோ அந்த வேப்பமரத்தடியில, வழுக்கைத் தலையா, சட்டைப் பையில ஒரு தாளை நாலா மடிச்சு வச்சுக்கிட்டு நிக்காரே, அவரு. எங்கூடத்தான் வந்தாரு. ஆறுமுகநயினார். எங்க காலேஜ் அஞ்சாம் நம்பர் பஸ் ட்ரைவர். ட்ரைவரா இருந்தவரு.

அவரப் பத்தி ஒண்ணு சொன்னாப் போதும் உங்களுக்கு. ரோட்ல ஈ காக்கா இருக்காது, சிக்னல்ல சிவப்பு இருந்தா நிப்பாரு. கோட்டத் தொட மாட்டாரு, கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி நிப்பாரு. நாங்க பின்னாடி இருந்து கத்துவோம், "நயினார் அண்ணே, தேரா இழுக்கீங்க, பஸ்ஸ எடுங்கண்ணே!" அவரு திரும்பாமலே சொல்லுவாரு, "தேரும் நெலைக்கு வந்து சேந்துரும்லா, நீங்களும் சேந்துருவீங்க." தெனமும் இதே கத்தல், இதே பதிலு. அந்த ஆளு மூணு தடவ சிக்னலத் தாண்டிட்டாராம். பதினஞ்சு நாளைக்குள்ள மூணு தடவ! படத்தோட அனுப்பியிருக்கான். மூணு தடவ தாண்டுனா ஆறு மாசம் லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லன்னா பஸ் கிடையாது. இப்ப அஞ்சாம் நம்பர ஓட்டுதவன் ஹாரன்லயே கால வச்சு ஓட்டுதான்.

சிரிக்காதீங்க. ஹாரன கையிலதான் அடிப்பாங்கன்னு எனக்கும் தெரியும். எரிச்சல்ல சொல்லுதேன்.

எப்படி நடந்துச்சா? எழுதிக்கோங்க, இதான் முக்கியம். ஆயுத பூசை. நம்ம ஊர்ல ஆயுத பூசைக்கு வண்டிய என்ன பண்ணுவோம்? கழுவுவோம், மாலை போடுவோம், பட்டைய அடிச்சு சந்தனம் வைப்போம், சந்தனத்து மேல குங்குமம். எங்க வைப்போம்? முன்னாடி, பின்னாடி, ஹேண்டில் பாருக்கு நடுவுல, அப்புறம் நம்பர் பிளேட்ல. நம்பர் பிளேட்ல வைக்காத ஒருத்தனக் காட்டுங்க பாப்போம். உங்க சைக்கிளுக்கே வச்சிருப்பீங்க. சந்தனம் காஞ்சு ஒட்டிக்கிட்டா மழை பெஞ்சாத்தான் போகும். நாமளும் தொடைக்க மாட்டோம், சாமி சந்தனம்லா.

எவனோ ஒருத்தன் வண்டி, கடைசி நாலு நம்பர் முப்பத்து மூணு பூஜ்யம் மூணு. அவன் வீட்ல யாரோ பக்தி முத்திப்போயி கடைசி மூணு மேல ஒரு அப்பு அப்பியிருக்காங்க சந்தனத்த. மூணோட ரெண்டு வாயும் அடைஞ்சு போச்சு. மிஷின் பாத்துச்சு, எட்டுன்னு படிச்சுட்டு. முப்பத்து மூணு பூஜ்யம் எட்டு யாரு வண்டி? நம்ம நயினார் அண்ணன் வண்டி. அவன் ஓட்டுதது கறுப்பு பைக்கு, இவரு வச்சிருக்கது டி.வி.எஸ் எக்செல். அவன் தலையில முடி காத்துல பறக்குது, இவரு தலையப் பாருங்க, அங்க இருந்தே மினுங்குது. நோட்டீஸ்ல ஒட்டியிருக்க படத்த ஒரு தடவ ஒரே ஒரு மனுஷன் பாத்திருந்தாப் போதும்.

ஒரு மனுஷனும் பாக்கல. அதான் மனு.

என்ன? மனுஷன் பாத்துத்தான அனுப்புவாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களா? ஆமா, போட்டிருந்தாங்க. 'இயந்திரம் படிக்கும், பொதுமக்கள் சரிபார்ப்பார்கள்'னு பெருசா போட்டிருந்தாங்க. சரிபார்ப்புன்னா என்ன நடக்குன்னு நான் சொல்லுதேன், கேளுங்க. போன்ல ஒரு சின்னப் பெட்டி வரும். பெட்டிக்குள்ள நம்பர் பிளேட் மட்டும். வண்டி தெரியாது, ஆளு தெரியாது, ரோடு தெரியாது. அதுக்குக் கீழ மிஷின் படிச்ச நம்பர். அதுக்கும் கீழ ரெண்டு பொத்தான், பச்சை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. பச்சையத் தட்டுனா முடிஞ்சுது, அடுத்த படம். சிவப்பத் தட்டுனா ஏன் தப்புங்கான், எது சரிங்கான், காரணம் எழுதுங்கான், எழுதி அனுப்புனா ஒத்துக்கிடலன்னா உன் மதிப்பெண்ணக் கழிப்பேங்கான். யாரு சிவப்பத் தட்டுவா? நீங்க தட்டுவீங்களா?

நீங்க தட்டுவீங்களாம்! உங்ககிட்ட பட்டன் போன்தான இருக்கு, பேசாதீங்க.

சரி. கேட்டுட்டீங்க, சொல்லிருதேன். எப்படியும் நயினார் அண்ணன் உங்ககிட்ட ஏற்கெனவே சொல்லியிருப்பாரு, அதான் நீங்க எடுத்த எடுப்புல காட்டிக்குடுக்கிறவள்னு ஆரம்பிச்சீங்க. அந்த மூணு படத்துக்கும் பச்சை தட்டுனது நானூத்திப் பதினேழு.

மூணும் நானேதான். ஒரு வண்டி நம்பர ஒருத்தர் ஒரு தடவ சரின்னு சொல்லிட்டா அடுத்த தடவையும் அதே ஆளுக்கே அனுப்பும். பழகுன கண்ணாம். இது யாரு போட்ட புத்தி? நான் போட்டதா?

எனக்குத் தெரியாது அண்ணாச்சி அப்ப. அதான் கோவம். அவரு பஸ்ஸ விட்டு நின்ன மறுநாளே நான்தான் குதிச்சேன். நான் குதிச்சேன்! வேற யாரு குதிச்சா? ஜாக்குலின்னு ஒருத்தி, அவரு பஸ்ல மூணு வருஷம் போனவ, "புது அண்ணன் ஸ்பீடாப் போறாருல்ல"ங்கா. நான்தான் அவரு வீட்டத் தேடிப் போனேன். நோட்டீஸ வாங்கிப் பாத்தேன். பாத்ததும் தெரிஞ்சுட்டு. "அண்ணே, இது எட்டு இல்லண்ணே, சந்தனம்!" அவரு கண்ணாடி போட்டு, கண்ணாடியக் கழட்டி, மறுபடி போட்டுப் பாத்தாரு. "ஆமாம்மா, சந்தனம்தான்"ன்னாரு. ஏதோ சாமி காரியத்துல தப்பு கண்டுபிடிச்ச மாதிரி மெதுவாச் சொன்னாரு. மொதல்லயே ஏன் கேக்கலன்னு நெனைக்கீங்களா? மொதல் ரெண்டும் போன்ல வந்திருக்கு. ஆர்.சி புக்குல குடுத்த நம்பரு அவரு மகளோட பழைய நம்பரு, அவ கல்யாணமாகிப் போயி சிம்ம மாத்திட்டா. தபால்ல வந்தது லைசென்ஸப் பிடுங்குன இந்த நோட்டீஸ் மட்டும்தான்.

நான் அவரக் கூட்டிக்கிட்டு நேரா இந்தக் கேமராவெல்லாம் மாட்டி நடத்துத கம்பெனி ஆபீஸுக்குப் போனேன். பஸ்ல போனோம். அவரு பஸ்ல உக்காந்து வாறத நான் அன்னைக்குத்தான் பாத்தேன். ஒவ்வொரு சிக்னலுக்கும் வலது கால் தன்னால தரைய அழுத்துது.

ஆபீஸ்ல ஒரு பொண்ணு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். நான் போட்ட சத்தத்துல செக்யூரிட்டி எந்திரிச்சு வந்துட்டான். "எவ அவ? எந்தக் குருடி இதுக்குச் சரின்னு போட்டது? நம்பரச் சொல்லுங்க, ஆளக் கூப்பிடுங்க, இங்க வந்து நிக்கட்டும், இந்த மனுஷன் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்!"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர் திரைய என் பக்கம் திருப்புச்சு. 'சரிபார்த்தவர் 417.' அப்புறம் என் கழுத்தப் பாத்துச்சு.

அட்டைய அன்னைக்கும் போட்டிருந்தேன். உள்ள விடணும்னா போட்டுத்தான் ஆகணும்.

அவரு? வெளிய வந்து சர்பத் வாங்கிக் குடுத்தாரு. ரெண்டு திட்டு திட்டியிருந்தா நான் பதிலுக்கு நாலு பேசியிருப்பேன், அத்தோட ஒழிஞ்சிருக்கும். சர்பத்த வச்சுக்கிட்டு என்ன செய்ய? அவரு வீட்டம்மா உலகம்மாள் அக்கா விடல. "ஏட்டி, நீ பொத்தான அமுக்குனியா, எங்க கழுத்த அமுக்குனியா?"ன்னு தெரு வாசல்ல வச்சுக் கேட்டுட்டா. நானும் கேட்டேன், "அக்கா, சந்தனம் நானா அப்புனேன்? கேமராவ நானா மாட்டுனேன்?" அதுக்கு அவ என்ன சொல்லுதா? "மிஷினு சந்தனத்தப் பாத்ததில்லட்டி. நீயும் பாத்ததில்லியா?"

நீங்களும் அதையேதான கேக்க வாயத் தொறக்கீங்க? மூடுங்க. பதில் வச்சிருக்கேன்.

ரெண்டு செகண்டு. அம்புட்டுத்தான் ஒரு படத்துக்கு. ரெண்டு செகண்டுக்கு மேல பாத்தா மேல ஒரு சிவப்புக் கோடு குறைஞ்சுக்கிட்டே வரும், அது தீந்தா மதிப்பெண்ணு போச்சு. நான் மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம் படம் பாத்திருக்கேன். மாநகரத்துலேயே மூணாவது ஆளு. வகுப்புல பாத்தேன், மெஸ் வரிசையில பாத்தேன், பஸ்ல பாத்தேன். அஞ்சாம் நம்பர்லதான், ட்ரைவருக்குப் பின்னாடி சீட்டு, அங்கதான் போனுக்கு டவர் நல்லாக் கெடைக்கும். ஆயுத பூசை லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கு அவரு பஸ்ஸுக்கு வாழைக்கன்னு கட்டி, எங்க எல்லாருக்கும் பொரியும் கடலையும் பொட்டலம் போட்டுக் குடுத்தாரு. ஒரு கையில பொரி, ஒரு கையில போனு. எனக்கு ஞாபகம் இருக்கு. அந்தப் படம் அந்தப் பொரிக்கு நடுவுல வந்துதா, மறுநாள் வந்துதான்னுதான் ஞாபகம் இல்ல. ஆறாயிரத்துல எதன்னு வச்சுக்கிட?

இதுல நான் கவனிக்காம விட்டேன்னு எப்படிச் சொல்ல முடியும்? கண்ணு நல்லாத்தான் இருக்கு. கவனிக்கவே விடாம ஒருத்தன் ஏற்பாடு பண்ணி வச்சிருக்கான், அவன யாரும் கேக்க மாட்டேங்கீங்க.

பேனாவ எதுக்கு என் பக்கம் நீட்டுதீங்க? எழுதுதது நீங்க.

ஓ. அந்தத் தாளா. அதையும் சொல்லிட்டாரா. அவரு பையில நாலா மடிச்சு வச்சிருக்கது அதான். ஆமா, அதுல நான் ஒரு கையெழுத்துப் போட்டா அவரு லைசென்ஸ் திரும்ப வந்துரும். இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள லைசென்ஸ் ஆபீஸ்ல குடுக்கணும், அதுக்கு மேல எடுக்க மாட்டாங்க. எல்லாம் எனக்குத் தெரியும். நீங்க புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி மூஞ்சிய வைக்காதீங்க.

அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சீங்களா? நான் வாசிச்சேன். 'மேற்கண்ட வாகன எண்ணை நான் கவனக்குறைவாகச் சரிபார்த்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். இப்பிழைக்கு நானே முழுப் பொறுப்பு.' அச்சடிச்சே வச்சிருக்கான் அண்ணாச்சி! கட்டுக்கட்டா. அந்தக் கண்ணாடிப் பொண்ணு மேசைக்குக் கீழ இருந்து எடுத்துக் குடுத்துச்சு, டோக்கன் கிழிச்சுக் குடுக்க மாதிரி. அப்ப எத்தன பேருக்கு இப்படி ஆகும்னு மொதல்லயே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் அச்சடிச்சிருக்கான். முழுப் பொறுப்பாம். கேமராவுக்குப் பொறுப்பு இல்ல, அதப் படிக்க வச்சவனுக்குப் பொறுப்பு இல்ல, ரெண்டு செகண்டு வச்சவனுக்கு இல்ல, போலீஸ எடுத்துட்டு இத மாட்டுங்கன்னு கையெழுத்துப் போட்ட பெரிய மனுஷனுக்கு இல்ல. பொரி தின்னுக்கிட்டுப் பொத்தான் அமுக்குனவளுக்கு முழுப் பொறுப்பு. சீ! ஏட்டு சீப்பப் பிச்சா அவன் கையில பழம் தெரியும். இவனுங்க கையில என்ன தெரியுது? கழுவித் தொடச்ச கையி.

அதுக்காக இல்ல.

ஆமா, போட்டா என் அட்டைய வாங்கிருவாங்க. ஆறாயிரமும் பூஜ்யமாகிரும். அதுக்காக இல்ல. மொத பத்து இடத்துல வந்தவங்களுக்கு அந்தக் கம்பெனியிலேயே வேலை குடுக்காங்க, லெட்டர் வந்துட்டு, பரீட்சை முடிஞ்ச மறுவாரம் சேரணும். கையெழுத்துப் போட்டா அதுவும் இல்ல. அதுக்காகவும் இல்ல. யாரு சொன்னா உங்களுக்கு அந்த வேலையப் பத்தி? அவரா? அவருக்கே நான் சொல்லலியே. ஜாக்குலின் அவருகிட்டச் சொல்லியிருப்பா. அவ நாக்கு அஞ்சாம் நம்பர விட ஸ்பீடு.

அந்த வேலையில சேந்தா உள்ள இருந்து இதையெல்லாம் மாத்தலாம்ல? யோசிச்சீங்களா? உள்ள ஒருத்தி வேண்டாமா, சந்தனம்னா என்னன்னு தெரிஞ்சவ?

என்ன அப்படிப் பாக்கீங்க?

எழுதுங்கன்னா எழுதுங்க. நான் கையெழுத்துப் போட்டா என்ன நடக்கும்? நயினார் அண்ணன் பஸ்ல ஏறிருவாரு. நல்லது. எல்லாரும் வீட்டுக்குப் போயிருவாங்க. கம்பெனிக்காரன், பாத்தீங்களா, எங்க ஏற்பாட்டுல தப்பு இல்ல, ஒரு காலேஜ் புள்ள தூங்கிட்டாம்பான். அடுத்த வருஷம் ஆயுத பூசை வரும். நம்ம ஜனம் சந்தனத்த விடப் போகுதா? விடாது. இன்னொரு மூணு எட்டாகும், ஒண்ணு ஏழாகும், இன்னொரு நயினாருக்கு வேலை போகும், இன்னொரு புள்ள கையெழுத்துப் போடும். இதத்தான் கேக்கேன். இதக் கேக்கது தப்பா?

அந்தக் கறுப்பு பைக்கு இன்னும் ஓடுது, தெரியுமா? முந்தாநாளு பூ மார்க்கெட் முக்குல பாத்தேன். மழையில சந்தனம் எல்லாம் கரைஞ்சு, நம்பரு பளிச்சுன்னு இருக்கு. முப்பத்து மூணு பூஜ்யம் மூணு. சிவப்புல பறக்கான். படம் எடுத்தேன். அனுப்புனேன். எடுக்காம இருப்பேனா? 'தங்கள் பதிவு சரிபார்ப்பில் உள்ளது. நன்றி தோழரே'ன்னு வந்துச்சு. தோழரேவாம்.

ஏட்டா இருந்தா நயினார் மூஞ்சியப் பாத்தே நீ போயான்னு விட்டிருப்பாருங்கீங்க. விட்டிருப்பாரு. அது எனக்கும் தெரியும். ஊர்ல அவரு மூஞ்சி தெரியாத ஏட்டு கிடையாது. ஆனா எங்கப்பா மூஞ்சியும் தெரிஞ்சுதான சீப்பப் பிச்சாரு? மூஞ்சி தெரிஞ்சவன் பழத்தப் பிடுங்குதான், மூஞ்சி தெரியாதவன் பொழப்பப் பிடுங்குதான். இதுல எது பரவால்லன்னு என்னக் கேக்காதீங்க. எனக்கு ரெண்டுமே வேண்டாம்.

காலையில பஸ் ஸ்டாண்டுல வச்சு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "சத்தம் வேண்டாம்மா. ஒரு கையெழுத்து. யாருக்கும் தெரிய வேண்டாம். நான் யாருகிட்டயும் நீதான்னு சொல்ல மாட்டேன்." எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? எங்கப்பா அந்த ஏட்டுகிட்டச் சிரிப்பாருல்ல, அதே சிரிப்பு. அதே சிரிப்ப எங்கிட்ட சிரிக்காரு! நான் என்ன ஏட்டா? எங்கிட்ட எதுக்கு அவரு சிரிக்கணும்? அதனாலதான் சொன்னேன், வாங்கண்ணே, கலெக்டர் முன்னாடியே கேப்போம், தல நிமுந்து கேப்போம், இன்னைக்குத் திங்கக்கிழம, மனு நாளுன்னு இழுத்துட்டு வந்தேன். அவரு வேண்டாம் வேண்டாம்னுதான் வந்தாரு. வந்து நிக்காரு பாருங்க, மரத்தடியில. மூணு மணி நேரமா நிக்காரு. உக்காருங்கண்ணேன்னா உக்கார மாட்டேங்காரு. மணி பாக்காரு, என்னப் பாக்காரு, மணி பாக்காரு.

அவருக்காகத்தான இத்தனையும் பண்ணுதேன்? யாருக்காகப் பண்ணுதேன் பின்ன?

எழுதியாச்சா? வாசிங்க. 'எதிர்மனுதாரர்'னு இடம் விட்டிருக்கீங்க. யாரு பேரப் போடணுமா? அதுதான் அண்ணாச்சி கேள்வி. கம்பெனிக்குப் போனேன், மாநகராட்சியக் கேளுங்கான். மாநகராட்சிக்குப் போனேன், போக்குவரத்துக் கமிட்டியக் கேளுங்கான். கமிட்டி எங்கன்னு கேட்டா, அது மாசத்துக்கு ஒரு தடவ கூடி டீ குடிச்சுட்டுக் கலைஞ்சிருமாம். போலீஸ் ஸ்டேஷன்ல கேட்டா, எங்களத்தான் முக்குல இருந்து எடுத்துட்டாங்களேம்மா, எங்களுக்கு என்ன தெரியும்னு சிரிக்கான். நம்பர் தெரிஞ்ச ஒரே ஆளு நானூத்திப் பதினேழு. இந்த ஊரு பூரா தேடுனா பேரும் மூஞ்சியும் உள்ள ஒரே ஆளு நான்தான். அதுக்காக என் பேரப் போட்டுருவீங்களா?

போடுங்களேன். போட்டுத்தான் பாருங்க. மொதப் பேரா வேண்டாம். கடைசியாப் போடுங்க. மேல கம்பெனிக்காரன், அதுக்கு அப்புறம் மாநகராட்சி, கமிட்டி, கையெழுத்துப் போட்ட பெரிய மனுஷன், எல்லாரையும் வரிசையாப் போட்டுட்டு, கீழ, சின்ன எழுத்துல.

இல்ல, வேண்டாம். அடிங்க அத. அடிச்சுட்டீங்களா? அட, அடிங்கன்னா!

உள்ள கூப்பிடுதாங்க. நூத்தி அறுபது வர டோக்கன் போயிட்டு. நான் நூத்தி அறுபத்து நாலு. முடிங்க சீக்கிரம்.

அவரு எதுக்கு இங்க வாறாரு? தாளப் பிரிக்காரு பாருங்க. அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க அவருகிட்ட, நான் சொன்னாக் கேக்க மாட்டாரு. அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் கெடக்குன்னு சொல்லுங்க. நான் மாட்டேன்னு சொல்லலியே. எப்பவாவது மாட்டேன்னு சொன்னேனா? போடுதேன். ஆனா மொதல்ல நான் போட மாட்டேன். நான் மொதல்ல போட்டா எனக்குப் பின்னாடி ஒருத்தனும் போட மாட்டான்.

அண்ணே, அப்படி மடிச்ச தாள நீட்டிக்கிட்டு நிக்காதீங்கண்ணே. சிரிக்காதீங்கண்ணே, தயவுசெஞ்சு. சிரிக்காதீங்க!

எழுதுங்க அண்ணாச்சி, கடைசி வரி. அப்படியே நான் சொல்லுத மாதிரி எழுதுங்க, உங்க ஆபீஸ் தமிழ்ல மாத்தாதீங்க. 'அந்த மூணு எப்படி எட்டாச்சு? மனு வாங்குத மேடையில வரிசையா உக்காந்திருக்க அதிகாரிங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், எந்திரிச்சு, மைக்கப் பிடிச்சு, இந்த மனுஷன் மூஞ்சியப் பாத்து, எல்லாருக்கும் கேக்குத மாதிரி பதில் சொல்லணும்.' பேனாவ எங்கிட்ட நீட்டாதீங்க. அவங்ககிட்டப் போயி நீட்டுங்க. மொதல்ல அவங்க பதில் சொல்லட்டும். சொல்லச் சொல்லுங்க!